பெயரடைகளின் எல்லைத் தகராறு

ஆங்கிலம் கற்பிக்கும் கையேடுகளில் பெரும்பாலும் ஓர் அட்டவணை இருக்கும். இடப்பக்கம் 'ஹிஸ்டாரிக்', வலப்பக்கம் 'ஹிஸ்டாரிக்கல்'. அதன் கீழே 'எகனாமிக்', 'எகனாமிக்கல்'. பிறகு 'கன்டினியூவஸ்', 'கன்டினியூவல்'. பிறகு 'சென்சிபிள்', 'சென்சிடிவ்'. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வரி விளக்கம். மாணவர் அதை மனப்பாடம் செய்கிறார், தேர்வில் கோடிட்ட இடத்தை நிரப்புகிறார், மதிப்பெண் வாங்குகிறார். அலுவலகத்துக்குப் போய் மின்னஞ்சல் எழுத உட்காரும்போது எந்தச் சொல் எந்தப் பக்கம் இருந்தது என்று மறுபடியும் தடுமாறுகிறார்.

பொருள் நெருங்கிய பெயரடைகளை இப்படிப் பிரித்துக் காட்டும் வழக்கத்துக்கு முந்நூறு ஆண்டு வயது. இத்தனை காலம் நிலைத்த ஒன்றை வெறும் பண்டிதச் செருக்கு என்று தள்ள முடியாது. ஆனால் அது எல்லா இடத்திலும் ஒரே அளவு பயன் தருவதில்லை. உண்மையில் இருக்கும் வேறுபாட்டை எடுத்துச் சொல்லும்போது இந்த வழக்கம் பெரிய உதவி. இல்லாத வேறுபாட்டை உண்டாக்கும்போது தொல்லை. இருக்கும் வேறுபாட்டைத் தவறான இடத்தில் தேடும்போது வீண் உழைப்பு. இந்த மூன்றையும் தனித்தனியே நிறுத்துப் பார்க்க வேண்டும்.

வழக்கம் பிறந்த கதை

இதைத் தொடங்கி வைத்தவர் ஆங்கிலேயர் அல்லர். கப்ரியேல் ஜிரார் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1718-இல் பிரெஞ்சுச் சொற்களின் துல்லியம் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஒரு மொழியில் முழுக்க முழுக்க ஒரே பொருள் கொண்ட இரு சொற்கள் இருக்க முடியாது என்பது அவர் கொள்கை. 1766-இல் ஜான் டிரஸ்லர் அந்த முறையை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தார். 1794-இல் ஹெஸ்டர் லிஞ்ச் பியோட்ஸி இரண்டு தொகுதிகளில் 'பிரிட்டிஷ் சினானிமி' எழுதினார். அகராதி தந்த சாமுவேல் ஜான்சனின் நெருங்கிய தோழி அவர். இத்தாலிய இசைக்கலைஞரை மறுமணம் செய்துகொண்டவர். அன்றாடப் பேச்சில் எந்தச் சொல்லை எங்கே எடுப்பது என்று அயல்நாட்டாருக்கு வழிகாட்டுவது அவர் நோக்கம். 1816-இல் ஜார்ஜ் கிராப் இன்னும் விரிவாக எழுதினார். 1926-இல் வந்த ஃபௌலரின் வழக்குக் கையேடு இந்த மரபின் உச்சம்.

நடுவில் ஒருவர் எதிர்த்திசையில் போனார். மருத்துவரான பீட்டர் மார்க் ரோஜே 1852-இல் வெளியிட்ட 'தெசாரஸ்', சொற்களை 1,000 தலைப்புகளின் கீழ் கூட்டமாக நிறுத்தியது. வேறுபாட்டை விளக்குவது தன் வேலை அல்ல என்று அவர் முன்னுரையிலேயே சொல்லிவிட்டார். சொல்லைத் தெரிந்தவருக்கு அதை நினைவுபடுத்துவதே அவர் நோக்கம். தெரியாதவருக்குக் கற்பிப்பது அல்ல. நம் நிகண்டுகளுக்கும் ஏறத்தாழ இதே இயல்புதான்.

ஆங்கிலத்துக்கு இந்தச் சிக்கல் அதிகம் வந்ததற்கு வரலாறு காரணம். 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தபின் பழைய ஆங்கிலச் சொல்லின் மேல் பிரெஞ்சுச் சொல் வந்து படிந்தது. பின்னர் அறிஞர்கள் வழியே இலத்தீன் சொல்லும் வந்தது. அரசனோடு தொடர்புடையதைச் சொல்ல 'கிங்லி', 'ராயல்', 'ரீகல்' என மூன்று பெயரடைகள் கிடைத்தன. மூன்றும் பிழைத்துக்கொண்டன, ஆனால் வேலையைப் பங்கிட்டுக்கொண்டன. அரச குடும்பம் 'ராயல்'. மிடுக்கான நடை 'ரீகல்'. 'கிங்லி' இன்று அரிதாகிவிட்டது. இப்படிப்பட்ட மொழியில் வேறுபாடு தேடும் ஆசை எழுவது இயல்பே.

எங்கே இது தேவை

முதலில் நியாயமான பக்கத்தைச் சொல்லிவிடலாம். இரு பெயரடைகள் குழம்பினால் உண்மையான இழப்பு நேரும் இடங்கள் உண்டு. அறிவியலில் 'அக்யூரேட்', 'பிரிசைஸ்' இரண்டும் ஒன்றல்ல. 37 டிகிரி உள்ள உடம்பை மூன்று முறையும் 39.2 என்றே காட்டும் தெர்மாமீட்டர் 'பிரிசைஸ்'. அது 'அக்யூரேட்' அல்ல. 'பிரிசைஸ்' அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைச் சொல்கிறது, 'அக்யூரேட்' உண்மையோடு ஒத்துப்போவதைச் சொல்கிறது. இதைக் குழப்பிக்கொண்டவர் ஆய்வகத்தில் தவறான கருவியை நம்புவார்.

மருத்துவத்தில் 'க்ரானிக்' என்பது நோயின் கடுமையைச் சொல்வதில்லை, அது நீடிக்கும் காலத்தைச் சொல்கிறது. கடுமைக்கு 'சிவியர்'. திடீரெனத் தொடங்குவது 'அக்யூட்'. மருத்துவ அறிக்கையில் 'க்ரானிக்' என்று கண்டதும் உயிருக்கு ஆபத்து என்று வீடே பதறுவதுண்டு. 'அக்யூட்' என்பதைச் சாதாரணமாக நினைத்து நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவிடுகிறவர்களும் உண்டு. இந்த இடத்தில் ஒரு வரி விளக்கம் மனிதருக்கு நேரடியாக உதவுகிறது. புள்ளியியலில் 'சிக்னிஃபிகன்ட்' என்று குறிக்கப்பட்ட முடிவு நடைமுறையில் முக்கியமானதாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. தற்செயலாக மட்டும் வந்திருக்க வாய்ப்புக் குறைவு என்பதே அதன் பொருள். இதை 'இம்பார்ட்டன்ட்' என்று படித்துவிட்டு எழுதப்படும் மருந்துச் செய்திகள் ஏராளம்.

கலைச்சொல் அல்லாத இடத்திலும் நல்ல பிரிவினைகள் உண்டு. ஓர் அரசின் 'எகனாமிக்' கொள்கை பொருளாதாரம் பற்றியது. 'எகனாமிக்கல்' என்றால் சிக்கனமானது. முதலாவது, இரண்டாவதாகவும் இருக்க வேண்டும் என்று எந்த நிதியமைச்சரும் வாக்குக் கொடுத்ததில்லை. 1986-இல் சிட்னியில் நடந்த 'ஸ்பைகேட்சர்' வழக்கில் பிரிட்டிஷ் அமைச்சரவைச் செயலர் ராபர்ட் ஆம்ஸ்ட்ராங், உண்மையை அளந்து சொல்வதைக் குறிக்க 'எகனாமிக்கல்' என்பதையே கையாண்டார். அந்தத் தொடர் உலகப் புகழ் பெற்றது. அங்கே 'எகனாமிக்' என்று போட்டிருந்தால் வாக்கியமே நின்றிருக்காது. அதுபோலவே 'ஹிஸ்டாரிக்கல்' நாவல்கள் ஆண்டுதோறும் பல வருகின்றன. அவற்றில் 'ஹிஸ்டாரிக்' ஆகிறவை வெகு சில.

ஃபௌலரின் வாதம் இங்கே வலுவாக நிற்கிறது. மொழிக்கு இரு வடிவங்கள் கிடைத்துவிட்டால் அவற்றுக்கு வெவ்வேறு வேலை கொடுப்பது மொழிக்குச் செல்வம் சேர்ப்பது. அப்படிப் பிரிந்த பின் மீண்டும் கலப்பது இருந்ததை இழப்பது. இந்தக் கருத்தில் குறை காண்பது கடினம். வேறுபாட்டைத் தேடும் பழக்கம் எழுதுகிறவரை ஒரு கணம் நிறுத்தி, தான் சொல்ல வருவது என்ன என்று கேட்க வைக்கிறது. அந்தக் கணத்தால் கிடைக்கும் தெளிவு சொல்லோடு நிற்பதில்லை, சிந்தனைக்கும் போகிறது.

இல்லாத வரப்பு

தவறு எங்கே தொடங்குகிறது? இரண்டு சொல் இருந்தால் இரண்டு பொருள் இருந்தே தீர வேண்டும் என்று நம்பும்போது. ஜிராரின் கொள்கை நல்ல தேடலுக்குத் தூண்டுகோல். அதைச் சட்டமாக்கினால் ஆபத்து.

நம் சாலைகளில் ஓடும் பெட்ரோல் டேங்கர் லாரிகளின் பின்புறம் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்று எழுதியிருக்கும். 'ஃப்ளேமபிள்' என்றாலும் அதே பொருள்தான், எளிதில் தீப்பற்றும் என்பதே. 'இன்' என்ற முன்னொட்டு இங்கே எதிர்மறை அல்ல. தீமூட்டுவதைக் குறிக்கும் இலத்தீன் வினையிலேயே அது இருந்தது. ஆனால் 'ஆக்டிவ்' – 'இன்ஆக்டிவ்' என்று படித்துப் பழகியவர், இதையும் எதிர்ச்சொல் இணை என்று எண்ணித் தீப்பற்றாதது என்று புரிந்துகொள்ளக்கூடும். இந்த அச்சத்தால்தான் 1920-களில் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 'ஃப்ளேமபிள்' என்பதையே பயன்படுத்தும்படி வற்புறுத்தியது. ஒரே பொருள் கொண்ட சொற்களில் வேறுபாட்டை ஊகிப்பது உயிருக்கே உலை வைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

சட்ட ஆங்கிலம் இன்னொரு சான்று. 'நல் அண்ட் வாய்ட்', 'ஃபிட் அண்ட் ப்ராப்பர்' என்று அது பெயரடைகளை இரட்டையாகவே அடுக்கும். இவற்றில் பல, ஆங்கிலமும் பிரெஞ்சும் இலத்தீனும் நீதிமன்றத்தில் கலந்து புழங்கிய காலத்து எச்சம் என்று டேவிட் மெலிங்காஃப் 1963-இல் வெளியிட்ட சட்ட மொழி பற்றிய நூலில் விளக்கினார். நம் இலக்கணம் இதை ஒருபொருட்பன்மொழி என்று ஏற்றுக்கொண்டு, அழுத்தத்துக்காக வருவது என்று கடந்துபோகும். ஆனால் சட்டமன்றம் ஒரு சொல்லையும் வீணாக்காது என்று நீதிமன்றங்கள் கருதுவது வழக்கம். அதனால் அழுத்தத்துக்காக வந்த இரண்டாம் சொல்லுக்கும் தனிப்பொருள் உண்டு என்று வழக்கறிஞர்கள் வாதாட இடம் கிடைக்கிறது. அந்த வாதத்துக்கான கட்டணம் கட்சிக்காரர் தலையில்.

வேறுபாட்டை வரலாற்றின் பெயரால் நிலைநாட்ட முயல்வதும் அடிக்கடி தடுமாறுகிறது. 'டிஸ்இன்ட்ரஸ்டட்' என்றால் பக்கச்சார்பற்ற, 'அன்இன்ட்ரஸ்டட்' என்றால் ஆர்வமில்லாத என்று கையேடுகள் சொல்கின்றன. முன்னதை ஆர்வமின்மைக்குப் பயன்படுத்துவது இக்காலத்துச் சீரழிவு என்றும் சிலர் சேர்த்துக்கொள்வார்கள். 17-ஆம் நூற்றாண்டு எழுத்தில் நிலைமை தலைகீழ்: 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆர்வமற்ற என்ற பொருளிலும், 'அன்இன்ட்ரஸ்டட்' சார்பற்ற என்ற பொருளிலும் வந்தன. பின்னர் இடம் மாறிக்கொண்டன. பிரிவினை இன்று பயனுள்ளதே. நீதிபதி 'டிஸ்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்க வேண்டும், 'அன்இன்ட்ரஸ்டட்' ஆக இருக்கக் கூடாது என்று சொல்ல முடிவது நல்ல வசதி. ஆனால் அது வசதிக்காக ஏற்றுக்கொண்ட ஏற்பாடு. அதை மீறுகிறவரை மொழித் துரோகி ஆக்க வரலாறு துணை வராது.

'லெஸ்', 'ஃப்யூவர்' கதை இன்னும் சுவையானது. எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்' என்ற விதியின் தொடக்கம், ராபர்ட் பேக்கர் 1770-இல் வெளியிட்ட ஒரு நூல். அவர் அதைத் தமக்கு நயமாகவும் முறையாகவும் தோன்றும் வழக்கு என்றுதான் எழுதினார். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன், ஆல்ஃபிரட் மன்னர் காலத்து ஆங்கிலத்திலேயே எண்ணக்கூடியவற்றுக்கும் 'லெஸ்' வந்திருக்கிறது. ஒருவரின் ரசனை பள்ளிக்கூடச் சட்டமாகி, கடைசியில் 2008-இல் பிரிட்டனின் டெஸ்கோ அங்காடி, விரைவுக் கவுண்டர் பலகையில் 'லெஸ்' வேண்டாம் என்று வாசகத்தையே மாற்றி எழுதும் அளவுக்கு வந்தது. அந்தப் பழைய பலகையைப் படித்து எத்தனை பொருள் வாங்கலாம் என்று யாரும் குழம்பியிருக்க முடியாது. பொருள் குழப்பம் இல்லாத இடத்தில் வைக்கப்படும் வேறுபாடு தெளிவுக்கு உதவுவதில்லை. யார் எந்தப் பள்ளியில் படித்தார் என்பதைக் காட்டிக்கொடுக்க மட்டுமே பயன்படுகிறது.

தவறான இடத்தில் தேடுதல்

இதைவிட ஆழமான குறை ஒன்று உண்டு. அட்டவணை முறை, வேறுபாடு பெயரடைக்குள் இருக்கிறது என்று எண்ணிக்கொள்கிறது. கிராப் சொல்லின் வேரைத் தோண்டி வேறுபாட்டை எடுத்துக்காட்ட முயன்றார். இன்றைய கையேடுகள் அகராதிப் பொருளைத் தோண்டுகின்றன. ஆனால் பல இணைகளில் வேறுபாடு இருப்பது பெயரடைக்கு வெளியே, அதை அடுத்து வரும் பெயர்ச்சொல்லில்.

மைக்கேல் ஹாலிடே 1966-இல் எழுதிய கட்டுரையில் காட்டிய எடுத்துக்காட்டு புகழ்பெற்றது. ஆங்கிலத்தில் தேநீர் 'ஸ்ட்ராங்', கார் 'பவர்ஃபுல்'. மாற்றிச் சொன்னால் காதில் உறுத்தும். ஆனால் வாதத்துக்கு இரண்டும் பொருந்தும். இந்தப் பங்கீட்டை இரு சொற்களின் பொருளை எவ்வளவு நுணுகி ஆராய்ந்தாலும் ஊகிக்க முடியாது. ஒரு சொல்லை அதன் கூட்டாளிகளைக் கொண்டே அறிய வேண்டும் என்று அவருடைய ஆசிரியர் ஜே. ஆர். ஃபெர்த் அதற்கு முன்பே வலியுறுத்தியிருந்தார்.

கணினி வந்தபின் இந்தக் கருத்துக்குச் சான்று குவிந்தது. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில் இலட்சக்கணக்கான சொற்கள் கொண்ட உரைத் தொகுப்பை ஆராய்ந்து 1987-இல் 'கோபில்ட்' அகராதி வெளியானது. அது பொருளைத் துண்டுச் சொல்லாகத் தராமல், சொல் இயல்பாக வரும் முழு வாக்கியமாகத் தந்தது. டக்ளஸ் பைபரும் அவருடைய கூட்டாளிகளும் 1998-இல் 'பிக்', 'லார்ஜ்', 'கிரேட்' மூன்றையும் தரவகத்தில் ஒப்பிட்டார்கள். ஆய்வுக் கட்டுரைகளில் 'லார்ஜ்' ஓங்கி நின்று, எண்ணிக்கை, அளவு போன்ற பெயர்களோடு சேர்ந்தது. கதைகளில் 'பிக்' கண்ணால் காணும் பருப்பொருளோடு சேர்ந்தது. 'பிக் என்றால் பெரிய, லார்ஜ் என்றால் பெரிய' என்று படித்தவருக்குத் தெரிய வேண்டியது இதுதான். அட்டவணை சொல்லாததும் இதுதான்.

வாக்கியத்தில் சொல் நிற்கும் இடமும் அப்படியே. 'அலோன்', 'அஃப்ரெய்ட்' போன்றவை வினைக்குப் பின்னேதான் வரும்; பெயருக்கு முன்னே வர மாட்டா. தமிழில் பெயரடை பெயருக்கு முன்னே நிற்பதே முறை. அந்தப் பழக்கத்தில் பயந்த சிறுவனை 'அஃப்ரெய்ட் பாய்' என்று எழுதுகிறோம். பொருள் சரி, இடம் தவறு. 'ஃப்ரைட்டன்ட்' என்று எழுதியிருந்தால் சிக்கலே இல்லை. இந்தப் பிழையை ஒரு வரிப் பொருள் விளக்கம் எத்தனை முறை படித்தாலும் திருத்தாது.

மூன்றாவதாக, சொல்கிறவரின் மனநிலை. 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கின்னி' மூன்றும் ஒரே உடம்பைக் குறிக்கலாம். முதலாவது பாராட்டு, கடைசியது குத்தல். ஒரே பிடிவாதத்தைத் தன்னிடம் கண்டால் உறுதி என்றும், எதிரே இருப்பவரிடம் கண்டால் முரண்டு என்றும், அங்கில்லாதவரிடம் கண்டால் மூடத்தனம் என்றும் சொல்வோம் என்று பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1948-இல் பிபிசி வானொலியில் கிண்டல் செய்தார். பொருள் ஒன்று, சொல்கிறவர் நிற்கும் இடம் வேறு. தொல்காப்பியம் ஈ, தா, கொடு என்ற மூன்றையும் இப்படித்தான் பிரித்தது: இழிந்தோன் கேட்டால் ஈ, ஒத்தவன் கேட்டால் தா, உயர்ந்தோன் கேட்டால் கொடு. கொடுத்தல் என்ற செயலில் வேறுபாட்டைத் தேடாமல், கேட்பவருக்கும் கேட்கப்படுபவருக்கும் உள்ள உறவில் தேடியது அதன் கூர்மை. ஆங்கிலக் கையேடுகள் 'சைல்டிஷ்' இகழ்ச்சி, 'சைல்ட்லைக்' புகழ்ச்சி என்பது போன்ற ஓரிரு இணைகளோடு இந்த வழியை விட்டுவிடுகின்றன. நடைமுறையில் மனம் புண்படுவதும் வேலை கெடுவதும் பெரும்பாலும் இங்கேதான்.

தேர்வுகளின் முரண்

இதற்கெல்லாம் மேலாக, நம் தேர்வுமுறை தன்னோடு தானே முரண்படுகிறது. பள்ளிப் பொதுத்தேர்வில் ஒரு சொல்லுக்கு அடிக்கோடிட்டு, நான்கு விடைகளில் ஒத்த பொருள் எது என்று கேட்கிறார்கள், ஒரு மதிப்பெண். அங்கே இரு சொற்களும் ஒன்று. அதே மாணவரிடம் வேறொரு பயிற்சியில் குழப்பும் இணைகளைப் பிரித்துக் காட்டச் சொல்கிறார்கள். அங்கே இரண்டும் வேறு. எப்போது ஒன்று, எப்போது வேறு என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

அமெரிக்காவின் ஜிஆர்இ தேர்வு 2011-இல் இந்த விஷயத்தில் ஓரடி முன்னே போனது. தனிச்சொல்லுக்கு எதிர்ச்சொல் கேட்கும் வினாக்களை நீக்கிவிட்டு, ஒரு வாக்கியத்தில் எந்த இரு சொற்களைப் போட்டால் ஒத்த பொருள் வரும் என்று கேட்கும் வினாவைக் கொண்டுவந்தது. மனப்பாடப் பட்டியல்கள் அதனால் ஒழிந்துவிடவில்லை. ஆனாலும் சொற்கள் ஒத்துப்போவது ஒரு வாக்கியத்துக்குள்தான், வெட்டவெளியில் அல்ல என்பதை வினாவின் அமைப்பே ஒப்புக்கொண்டது.

தீர்ப்பு

அட்டவணையை எரிக்க வேண்டியதில்லை, சுருக்க வேண்டும். ஓர் இணை அதில் இடம்பெறத் தகுதியானதா என்று அறிய ஒரு கேள்வி போதும்: முதல் சொல் பொருந்தி இரண்டாவது பொருந்தாத ஒரு நிலைமையைக் காட்ட முடியுமா? 'எகனாமிக்' ஆனால் 'எகனாமிக்கல்' அல்ல என்று சொல்ல முடிகிறது. 'பிரிசைஸ்' ஆனால் 'அக்யூரேட்' அல்ல என்று சொல்ல முடிகிறது. 'இன்ஃப்ளேமபிள்' ஆனால் 'ஃப்ளேமபிள்' அல்ல என்று சொல்ல முடியாது. முடிகிறவை அட்டவணையில் இருக்கட்டும்.

எஞ்சியவற்றுக்கு வேறு இரு வழிகள் உண்டு. ஒன்று எதிர்ச்சொல். 'ஓல்ட்' என்பதற்கு மனிதரிடம் எதிர்ச்சொல் 'யங்', வீட்டுக்கு 'நியூ'. ஒரே சொல் இரண்டு வேலை செய்வது உடனே தெரிகிறது. மற்றொன்று பெயர்ச்சொல். கிணறு 'டீப்' ஆகலாம், 'ப்ரொஃபவுண்ட்' ஆகாது. ஒருவரின் தாக்கம் இரண்டுமே ஆகலாம். பெயரடையைத் தனியே எழுதாமல் அதன் பெயர்ச்சொல்லோடு சேர்த்தே குறித்துக்கொள்ளும் மாணவர், இருபது விதிகளைப் படித்தவரைவிட வேகமாக முன்னேறுவார். சொற்சேர்க்கை அகராதிகள் இன்று எளிதில் கிடைக்கின்றன; பள்ளி நூலகத்தில் ஒன்று இருப்பது கடினமல்ல.

வினாத்தாள் அமைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒத்த சொல் கேட்கும்போது சொல்லை மட்டும் தராதீர்கள். அது வரும் வாக்கியத்தில் விடையைப் பொருத்திப் பார்க்கும்படி கேளுங்கள். நான்கு விடைகளில் மூன்று பொருளால் தவறாக இருப்பதைவிட, ஒன்றிரண்டு பொருளால் சரியாகவும் சேர்க்கையால் தவறாகவும் இருக்கட்டும். ஆசிரியர்கள் 'இதற்கும் அதற்கும் என்ன வேறுபாடு' என்று மாணவர் கேட்கும்போது, சில நேரம் 'ஒன்றும் இல்லை' என்றே நேர்மையாகச் சொல்லலாம். அந்த விடையும் ஆங்கிலம் கற்பிப்பதுதான்.